நான்கு கட்டம்

ஒவிதியோ கொடுத்த தாளில்
குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு.
"நிரப்பிக்கொண்டு வாருங்கள், ஞா எலிகியா,
வெள்ளிக்கிழமைக்குள்" என்றான்.
வங்கிக்குள் கம்பளிச் சட்டை கேட்கும் குளிர்.
வெளியே வந்தால்
பராகுவே ஆறே வியர்த்துக் கிடந்தது.

எஞ்சின் வாங்கக் கடன் வேண்டும்.
கடன் வாங்க இந்தத் தாள் வேண்டும்.

பலம் என்ற கட்டத்தில் மிதவையை எழுதினேன்.
ஒரு நடைக்கு ஆறு லாரி, இல்லை தொண்ணூறு மாடு.
இரண்டையும் கலந்து ஏற்றிய நாளில்
ஒரு காளை தர்பூசணி லாரியைக் காலிசெய்தது;
அதை எழுதவில்லை.
அடுத்து, வில்ஃபிரிடோ. என் தம்பி.
வெள்ளம் வடிந்தபின் மணல்திட்டு
எங்கே குடிபெயர்ந்தது என்று
தண்ணீரின் நிறம் பார்த்தே சொல்வான்.

பலவீனம்: எஞ்சின்.
இரவில் ஓடுவதில்லை.
போன ஆகஸ்டில் சாக்கோ கரையில்
ஒரு ஆம்புலன்ஸ் விளக்கைச் சுழற்றியபடி
விடியும்வரை நின்றது.
குழந்தை அதற்குள்ளேயே பிறந்தது, நல்லபடியாக.
அந்தத் தாய் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால்
இன்னும் எதிர்ப்பக்கம் போகிறாள்.

பேனா அங்கேயே நின்றது.
எதிரில் தெரெரே உறிஞ்சிக்கொண்டிருந்தவன்
"என்ன எழுதினாய்?" என்றான்.
"எஞ்சின்" என்றேன்.
அவன் ஐஸ் எடுக்க எழுந்து போன பிறகு
கீழே சின்ன எழுத்தில்: வில்ஃபிரிடோ.
ஞாயிறு குடித்தால் செவ்வாய்தான் கரையேறுவான்.
ஒரே பெயருக்கு இரண்டு வீடு.
தாள் ஒன்றும் சொல்லவில்லை.

வாய்ப்பு என்ற கட்டம் எளிது.
இரண்டு வருடத்தில்
நாளுக்குப் பத்து நடை முப்பதாகிவிட்டது.
சிமெண்ட், ஜல்லி, முறுக்குக் கம்பி,
ஹெல்மெட் போட்ட பையன்கள்,
அவர்கள் தின்னும் மரவள்ளிக்கிழங்கு.
மளிகைக்கடைப் பாக்கி தீர்ந்தது.
மகள் நிமியாவின் பல்லுக்குக் கம்பி போட்டோம்,
கம்பி ஏற்றிய காசில்.
எழுதினேன்: பாலம் கட்டும் கம்பெனி.

கடைசிக் கட்டத்துக்கு
யோசிக்க எதுவும் இல்லை.
ஜன்னலைத் திறந்தால் தெரிகின்றன
ஆற்றுக்குள் எட்டுத் தூண்கள்.
ஒன்பதாவது
எங்கள் மிதவையில் மூட்டைமூட்டையாய்க் கிடக்கிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமாம்.
அளந்துதான் போட்டோம்.
ஒவ்வொரு மூட்டைக்கும் என் கையெழுத்து இருக்கிறது.

அன்றிரவு வில்ஃபிரிடோ கேட்டான்:
"ஒரு மாதம் எஞ்சின் பழுது என்று சொன்னால்?"
"ஒரு மாதம் தள்ளிப்போகும்."
"ஒரு வருடம் என்றால்?"
"வேறு மிதவை வரும்."
கொசுவத்தியின் சாம்பல் உதிர்ந்தது.
மிதவைக்குக் கீழே ஆறு
யார் கட்சியிலும் சேராமல் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ஒவிதியோ விரல் வைத்துப் படித்தான்.
"பாலம் இரண்டு கட்டத்தில் இருக்கிறதே, பிழையா?"
"இல்லை."
"வில்ஃபிரிடோவும்?"
"அவன் கிடக்கட்டும்."
ஏழு வருடத் தவணை என்று அச்சடித்திருந்ததை அடித்து
பத்தொன்பது மாதம் என்று எழுதினேன்.
புது எஞ்சினை அடித்து, பழைய எஞ்சின்.
தவணை கழுத்தளவு.
பாலம் திறக்கிற அன்று
மிதவை மட்டும் கடனில்லாமல் எனதாக இருக்கும்,
பாலமில்லாத ஏதாவது ஓர் ஊருக்கு
நீரெதிர்த்துப் போக.
"எந்த ஊர்?" என்றான்.
அதற்குத் தாளில் கட்டம் இல்லை.

திரும்பி வரும்போது துறையில் காத்திருந்தது
நடுத்தூணுக்கான இரும்பு உத்தரம்.
ஏற்றியதும் மிதவை ஒரு சாண் தாழ்ந்தது.
ஆறு இந்த மாதம் மெலிந்திருக்கிறது.
மேலிருந்து வில்ஃபிரிடோ கத்தினான்: "ஆழம்?"
இன்று வெள்ளி; தெளிவாகத்தான் இருந்தான்.
கோலை இறக்கிப் பார்த்தேன்.
"ஒன்றே முக்கால். போ."